ஏணி வைத்து ஏறிய பாலம்

சவுரியம்மாள் பாலத்துத் தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்ப்பூசணி வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுப்போமே, அதே மாதிரி. மல்லாட்டை என்று இங்கே சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைக்குக் களையெடுக்கப் போகும் வழியில் தினமும் இது நடக்கும். தட்டி முடித்ததும் கலவை போடும் ஆட்களுக்கு ஓர் அதட்டல்: "இன்னாப்பா, டீ குடிச்சிக்கினே இருந்தா பாலம் தானா எழுந்து நின்னுக்குமா?"

ஒலக்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊர்ப் பள்ளியில்தான் எனக்கு வேலை. அம்மாளின் குரல் வகுப்பறை வரைக்கும் வரும். கிராம சபையில் மற்றவர்கள் தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று கேட்பார்கள். இவர் எழுந்து, "ஓடைக்குப் பாலம் போடுங்க" என்பார், உட்கார்ந்துவிடுவார். மைக்கைக் கையால்கூடத் தொட மாட்டார், தேவையும் இல்லை. அதிகாரிகள் மாறினார்கள். அம்மாள் மாறுவதாக இல்லை.

காரணம் அக்கரையில் இருக்கிறது. கல்லறைத் தோட்டம் அங்கேதான். அவர் கணவர் மண்ணாங்கட்டியை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டாம் தேதி வரும். இங்கே ஐப்பசி மழை கொட்டுகிற நேரம் அது. ஓடையில் கழுத்தளவுத் தண்ணீர் ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். அதனால் வருடா வருடம் இக்கரை மண்ணிலேயே மெழுகுவர்த்தியைக் குத்தி வைத்து, "யோவ், தோ ஏத்திட்டேன்! அங்கேர்ந்தே பாத்துக்கோ!" என்று கத்திவிட்டு வருவார். கேட்டால் சிரிப்பு வரும். திரும்பி அக்கரையைப் பார்த்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

போன வருடம் ஒருவழியாக அரசு நிதி ஒதுக்கியது. இந்த அக்டோபர் கடைசியில் தளமும் காய்ந்து கைப்பிடிச் சுவரும் முடிந்துவிட, அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்த மகள் ஆரோக்கியசெல்விக்கு போன் போட்டார். "வா பாப்பா, இந்த வருசம் அப்பாவ நேராவே போய் பாத்துட்டு வந்துர்லாம். பூவு நெறைய வாங்கியா."

ஆனால் பாலத்தின் இரண்டு முனையும் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் அந்தரத்தில் நின்றன. கடைசியில் எப்படியும் மண் கொட்டிச் சரித்துவிடுவார்கள் என்று அம்மாள் நினைத்திருந்தார், நானும்தான். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் சீனுவாசன் தலையைச் சொறிந்தார். "பாலத்துக்கு மட்டுந்தாம்மா ஃபண்டு. ஏர்ற ரோட்டுக்கு இனிமேதான் சாங்ஷன் ஆகணும்."

"இன்னா பேஜாரு சார் இது! சட்டய தெச்சிக் குடுத்துட்டு, கை அப்பாலன்றியே!"

ஆனாலும் அம்மாள் மகளுக்கு போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டாம் தேதி காலை மழை சற்றே விட்டிருந்தது. மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுகிற மூங்கில் ஏணியைத் தெருவே சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தது. முன்னால் அம்மாள், பின்னால் பூக்கூடையோடு மகள். சீனுவாசன் அலறியடித்து ஓடிவந்தார். "விழுந்து வச்சீங்கன்னா என் வேல போயிடும்மா!"

"அப்ப ஏணிய கெட்டியா புடி சார்."

அவரும் பிடித்தார், பாவம். எல்லாரும் ஏறியதும் ஏணியை மேலே இழுத்து, பாலத்தின் மேலேயே சுமந்துபோய், அந்தப் பக்கம் இறக்கினார்கள். கீழே ஓடை நுரைத்துக்கொண்டு ஓடியது. அரசாங்கத்துப் பாலத்தை இப்படித் திறந்துவைத்து நான் பார்த்ததில்லை!

கல்லறையைச் சுற்றிப் புல் மண்டியிருந்தது. அம்மாள் கையாலேயே பிடுங்கினார். மகள் பூ வைத்தாள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், ஜெபம் முடிந்தது. வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வரவே கூட்டம் ஏணியை நோக்கி நகர்ந்தது.

"மழ வருதும்மா, கெளம்பு" என்றாள் மகள்.

"நீங்க போய்க்கினே இருங்க."

அம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்துக் கல்லறைமேல் வைத்தார். இன்னொன்றை மடித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு கல்லறையில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டார்.