செம்பு வெளியே இருக்கட்டும்

மைசூரில் ஒரு தனியார் கல்லூரி. அதன் வேதியியல் ஆய்வகத்தில் பழனாத்தாள் பதினோரு வருஷமாக உதவியாளர். ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி, ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனாலும் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டே கேட்ட பாடம் அவளிடம் தங்கிவிட்டது. பட்டம் வாங்கிப் போன பலரிடம் அது தங்கவில்லை.

1994 தசரா முடிந்த மறுவாரம் செய்முறைத் தேர்வு. விரிவுரையாளர் சேகரன், சில்வர் நைட்ரேட்டைக் கேனில் இருந்த காய்ச்சி வடித்த நீரில் கரைத்தார். தெளிந்து நிற்க வேண்டிய கரைசல் பாலாக வெளுத்தது. சில்வர் நைட்ரேட் விலையுள்ள சரக்கு.

"இந்தப் பழனாத்தா எடுத்து வித்துட்டு எதையோ கலந்து வெச்சிருக்கா!" என்று மாணவர்கள் முன்னால் கத்தினார். மாலைக்குள் வேலைநீக்க உத்தரவு தட்டச்சாகி, முதல்வர் சித்தையன் மேசைக்குப் போய்விட்டது. கூலிக்காரியைத் திருடி என்பதற்கு விசாரணை எதற்கு?

பழனாத்தாள் அழவில்லை. முதல்வரையே ஆய்வகத்துக்கு அழைத்து வந்தாள்.

"ரெண்டு குழாய் போதுமுங்க சார்."

மூடி திறக்காத பாட்டில் வடிநீரை ஒன்றிலும், கேன் தண்ணீரை மற்றதிலும் ஊற்றினாள். அதே சில்வர் நைட்ரேட்டை இரண்டிலும் போட்டாள். முதலாவது தெளிந்தே நின்றது. இரண்டாவது வெளுத்தது.

"சரக்குல குத்தமில்லீங்க. கேன் தண்ணியில உப்பு இருக்குது. வெள்ளி அந்த உப்புல இருக்கற குளோரைடைப் புடிச்சுக்கிச்சு, நைட்ரேட்டு சோடியத்தோட போயிருச்சு. ஜோடி மாறினதும் வெள்ளையாப் படியுது. வருஷா வருஷம் நீங்க நடத்துற பாடந்தானுங்களே, சேகரன் சார்?"

"கேன்ல உப்பு எப்படி வரும்? நீதான் குழாய்த் தண்ணியை ஊத்தியிருப்பே!"

"ஆயுத பூசையன்னிக்கு சீரங்கப்பட்டணத்துக் காவேரித் தீர்த்தம்னு ஒரு செம்பு கொண்டாந்து தெளிச்சீங்க. மிச்சம் கால்ல மிதிபடக் கூடாதுன்னு கேன்ல சாச்சீங்க. ஆத்துத் தண்ணியில உப்பு இருக்குமுங்களே. தீட்டுன்னு என்னைய வெளிய நிறுத்தினீங்க பாருங்க, அங்க ஒரு ஜன்னல் இருக்குதுங்க."



"அப்பவே சொல்லக்கூடாதாம்மா?" என்றார் முதல்வர்.

"உள்ள வராதேன்னாருங்களே!"

முதல்வர் கையோடு கொண்டு வந்திருந்த உத்தரவைக் கிழிக்கப் போனார். பழனாத்தாள் தடுத்தாள்.

"கிழிச்சுப் போட்டா, நான் திருடலைன்னு பசங்களுக்கு எப்படித் தெரியுமுங்க? நாலு பேர் முன்னால சொன்ன பழிய நாலு பேர் முன்னால திருப்பி வாங்கோணும். நோட்டீஸ் போர்டுல எழுதி ஒட்டச் சொல்லுங்க."

சேகரன் தம் கையாலேயே எழுதி ஒட்டினார்.

அடுத்த ஆயுத பூசைக்கும் அவர் செம்போடு வந்தார். ஆய்வகச் சாவியை இடுப்பில் செருகி, வாசலில் நின்றாள் பழனாத்தாள்.

"வாங்க சார். செம்பு மட்டும் வெளியவே இருக்கட்டுமுங்க."