செந்தில்நாதன் போட்ட மஞ்சள் கோடு

மைசூரு விஜயநகரில் செந்தில்நாதன் வீட்டுக்குப் புதிதாகப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது மஞ்சள் கோடுகள்தான். காஸ் ரெகுலேட்டரில் ஒன்று, கட்டில் போல்ட்டுகளில் எட்டு, சீலிங் ஃபேனில் இரண்டு, குளியலறைத் தாழ்ப்பாளில்கூட ஒன்று. செந்தில்நாதன் ஹெப்பால் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் ஓர் ஆலையில் இருபத்தெட்டு வருடமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அங்கே ஒரு நட்டை முறுக்கி முடித்தால், நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து ஒரே இழுப்பில் மஞ்சள் பெயின்ட் கோடு போட்டுவிட வேண்டும். பிறகு நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பெயின்ட் பேனா அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். கோவிலுக்குப் போனாலும் இருக்கும்.

ஹனூர் பக்கம் ராமாபுரத்திலிருந்து பிழைக்க வந்த மனிதர். பீடி, குடி எதுவும் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், வீட்டில் எந்தப் பொருளையும் அது ஓடுகிறபடி ஓட விடமாட்டார். மிக்ஸி கொஞ்சம் முனகினால் போதும், கழற்றிப் பரப்பிவிடுவார். திரும்ப மாட்டி முடித்ததும் இரண்டு திருகாணி மிச்சம் இருக்கும். "கம்பெனிக்காரன் தேவைக்கு மேல போட்டிருக்கான்" என்று சொல்லி அவற்றை ஒரு பாட்டிலில் சேர்த்து வைப்பார். பாட்டில் இப்போது முக்கால்வாசி நிறைந்திருக்கிறது.

மனைவி சுலோசனா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். நான்கு வருடத்துக்கு முன்பு அவருடைய தையல் மெஷினில் செந்தில்நாதன் கை வைத்தார். நூல் தளர்வாக ஓடுவதாக அவருக்குத் தோன்றியது, இறுக்கினார். ஒரு கல்யாண வீட்டுக்காரர்களின் பன்னிரண்டு ஜாக்கெட்டும் சுருக்குப் பையாகச் சுருங்கி வந்தன. சுலோசனா சத்தம் போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை மாதேஸ்வர மலைக்குக் கூட்டிப்போய், சந்நிதியில் நிறுத்தி, "இனி இவ சாமான்ல கை வைக்கமாட்டேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். மாதேஸ்வரன் மேல் செய்த சத்தியத்தோடு அந்தப் பக்கத்துக்காரர்கள் விளையாட மாட்டார்கள். செந்தில்நாதனும் நான்கு வருடம் விளையாடவில்லை.

அப்புறம் கிட்டார் வந்தது. வந்தது என்றால், பீரோவுக்கு மேலிருந்து இறங்கியது. மகள் அனுப்ரியா பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கிட்டார் அது. நாற்பத்தேழு வயதில் சுலோசனா அதை இறக்கித் தூசி தட்டி, இரண்டு தெரு தள்ளி வகுப்பு எடுக்கும் அஷ்வினி என்ற பெண்ணிடம் கற்றுக்கொள்ளப் போனார். இந்த வயசுலயா என்று கேட்டவர்களிடம், "ஏனுங்க, கிட்டாரு ஆதார் கார்டா கேக்குது?" என்றார். ஒன்றரை வருடம் ஆயிற்று. இந்தத் தசராவுக்கு, விஜயதசமி மாலையில் அவர்கள் குடியிருக்கும் லேஅவுட்டின் பூங்கா மேடையில் அவர் வாசிக்கப்போவதாக நோட்டீஸ் அடித்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு சுலோசனாவின் பெயர் அச்சில் வந்தது அதில்தான். அந்த நோட்டீஸை மடிக்காமல் பூஜை அலமாரியில் வைத்திருந்தார்.

அந்த வருட மழை ஈரத்தில் கிட்டாரின் கழுத்து லேசாக முன்பக்கம் வளைந்துவிட்டது. தந்திகள் பலகையை விட்டு எழும்பி நின்றன. அழுத்தி அழுத்தி சுலோசனாவின் இடது கை விரல் நுனிகள் கன்றிப்போயின. பாத்திரம் தேய்க்கும்போது சோப்பு பட்டால் 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொள்வார். செந்தில்நாதனால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. மனைவி மேல் அவருக்கு அத்தனை பாசம், ஆனால் வாயால் சொல்லத் தெரியாது. வாயால் வராத பாசமெல்லாம் அவரிடம் ஸ்பானர் வழியாகத்தான் வெளியே வரும்.

ஃபோனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தார். கிட்டாரின் கழுத்துக்குள்ளே ட்ரஸ் ராட் என்று ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறதாம். தலைப்பக்கம் சின்ன மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு நட்டு. அதை இறுக்கினால் கழுத்து நிமிரும், தந்தி இறங்கும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக்கூடாது, திருப்பிவிட்டு ஒருநாள் பொறுக்க வேண்டும், அது இது என்று அந்த வீடியோக்காரர் மேற்கொண்டும் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நட்டு என்று ஒன்று கண்ணில் பட்ட பிறகு செந்தில்நாதன் யார் பேச்சைக் கேட்டிருக்கிறார்? வீடியோவை மூடிவிட்டார். சத்தியம் ஒன்று குறுக்கே நின்றது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்: சத்தியம் மனைவியின் சாமானுக்குத்தான், கிட்டார் மகளுடையது. மாதேஸ்வரன் இதை ஒப்புக்கொள்வாரா என்று அவர் கேட்டுப்பார்க்கவில்லை.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் மதியம் சுலோசனா ஸ்கூட்டரில் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பூவும் பூசணியும் வாங்கப் போனார். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் செந்தில்நாதன் கதவைத் தாழிட்டார்.

முதலில் அளவு எடுத்தார். ஃபீலர் கேஜ் என்று ஒன்று, விசிறி மடிப்பாக மெல்லிய எஃகுத் தகடுகள், இடைவெளி அளக்கிற கருவி. தந்தியை இரண்டு முனையிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் அதற்கும் பலகைக்கும் இருந்த சந்தில் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் மேல். அவருக்கு அப்படியே பதறிப்போய்விட்டது. வால்வு ஆலையில் சந்து என்றால் லீக். லீக் என்றால் மெமோ. இருபத்தெட்டு வருடமாகச் சந்துகளை ஒழித்தே சம்பளம் வாங்கியவர், இந்தச் சந்தை மட்டும் விடுவாரா? ஆலன் கீயை நட்டில் செருகிக் கால் சுற்று திருப்பினார். சந்து குறைந்தது. அரைச் சுற்று. இன்னும் குறைந்தது. முழுச் சுற்று வந்தபோது மரம் 'கிறுக்' என்று ஒரு தடவை முனகியது. கேஜில் உள்ளதிலேயே மெல்லிய தகடுகூட உள்ளே போகவில்லை. சந்து காலி. செந்தில்நாதன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கை பழக்கத்தில் பேனாவை எடுத்து நட்டையும் மரத்தையும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு இழுத்தார்.

அதற்குப் பிறகுதான் தந்தியைத் தட்டிப் பார்த்தார். ஜிர்ர்ர்ர் என்றது. டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட சத்தம். இன்னொரு தந்தியைத் தட்டினார், அங்கே இன்னொரு வண்டு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அவசர அவசரமாக நட்டைப் பின்னுக்குத் திருப்பலாம் என்று கீயை எடுத்தபோது வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மூடியை மாட்டினார், கிட்டாரைப் பைக்குள் தள்ளினார், கதவைத் திறந்தார். இந்தத் தடவை ஒரு திருகாணிகூட மிச்சம் வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

"ஏனுங்க, பட்டப்பகல்ல கதவச் சாத்திட்டு என்ன பண்றீங்க?"

"தூங்கிட்டு இருந்தேன் புள்ள."

"வேர்த்து ஊத்துது. அப்படி என்ன தூக்கம்?" சுலோசனா அவரை மேலும் கீழும் பார்த்தார். "சரி, போயி ரெண்டு வாழக்கன்னும் மாவிலையும் வாங்கியாங்க. பேரம் பேசாம வந்துடாதீங்க."

போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது வீட்டில் நெயில் பாலிஷ் வாசனை. சுலோசனா எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். மேடை ஏறப்போகிறவள் அலங்காரம் பண்ணிக்கொள்கிறாள் என்று செந்தில்நாதன் நினைத்துக்கொண்டார். காலையில் இவள் குளிக்கப் போகும்போது ஐந்தே நிமிடம், நட்டைத் திருப்பிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

காலையில் எழுந்து வந்தால், கூடத்தில் பூஜை தயார். சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் சாமந்தி மாலை போட்டுக்கொண்டு கிட்டார் நின்றது. அதற்கு முன்னால் ஒரு பலகையில் அவருடைய ஸ்பானர்கள், ஸ்க்ரூ டிரைவர்கள், ஃபீலர் கேஜ், ஆலன் கீ செட், எல்லாம் வரிசையாகச் சந்தனம் குங்குமத்தோடு படுத்திருந்தன. ஆயுதபூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது.

"சுலோ, அந்த ஆலன் கீ செட்டு மட்டும் சித்த எடுத்துக்கட்டுமா? ஆலையில ஒரு அவசரம்."

"இன்னிக்கு ஆலையே பூஜையில கிடக்குது. உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?"

திருடனுக்குத் தேள் கொட்டின நிலை. கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. தெருமுனையில் பைக் மெக்கானிக் சிவகுமாரிடம் ஒரு கீ கடன் கேட்கலாம் என்று போனார். ஷட்டருக்கு வாழைக்கன்று கட்டி, கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்து, சிவகுமார் சலவை வேட்டியில் உட்கார்ந்திருந்தான். கீ கிடைக்கவில்லை, பொரி கடலைப் பொட்டலம் கிடைத்தது. ஹார்டுவேர் கடையிலும் பொரிதான். மூன்றாவது பொட்டலத்தோடு திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது: கீ கிடைத்தாலும் கிட்டாரே மாலை போட்டுக்கொண்டு பூஜையில் நிற்கிறது. மைசூரு முழுக்க அன்றைக்கு ஒரு நட்டுகூட நகராது. அன்று முழுக்க மூன்று பொட்டலம் பொரியையும் தின்றுகொண்டு கிட்டாரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

விஜயதசமி காலையில் பூஜை கலைந்ததும் அவர் கை நீட்டுவதற்குள் சுலோசனா கிட்டாரை எடுத்துவிட்டார். "எடுத்தா மொதல்ல குருகிட்டதான் வாசிக்கணும்" என்று அஷ்வினி வீட்டுக்குப் போனவர், பூங்காவுக்கு நேராக அங்கிருந்தே வந்துவிட்டார்.

ஊரிலுள்ள பாதிக் கூட்டம் யானை ஊர்வலம் பார்க்க அரண்மனைப் பக்கம் போயிருந்தது. நெரிசலுக்குப் பயந்து அதை டி.வி.யில் பார்த்து முடித்தவர்கள் பூங்காவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். செந்தில்நாதன் மேடைக்குப் பின்னால் போனார். இதற்கு மேல் மறைத்தால் அவளுக்கு ஊர் முன்னால் அவமானம், சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"சுலோ, உன்கிட்ட ஒன்னு சொல்லோணும். கிட்டார்ல..."

"வாசிச்சுட்டு வந்து கேக்கறேன். போயி முன்னால உக்காருங்க."

சுலோசனா மேடையில் உட்கார்ந்து தந்தியில் கை வைத்தபோது செந்தில்நாதன் கண்ணை மூடிக்கொண்டார். மாதேஸ்வரா, இந்த ஒரு தடவை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டார். முதல் தந்தி ஒலித்தது. வண்டைக் காணோம். இரண்டாவது, மூன்றாவது, எங்கும் வண்டு இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் துலக்கிய பித்தளையாக மின்னிக்கொண்டு வந்தது. கண்ணைத் திறந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். விரல்கள் தந்தியை அழுத்துகின்றன, முகத்தில் வலியே இல்லை. செந்தில்நாதனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒருநாள் பொறுக்க வேண்டும் என்று வீடியோக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. அதுதான் விஷயம், என் வேலை உட்கார ஒருநாள் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று முடிவுகட்டினார். வந்த நீர் அப்படியே நெஞ்சு நிமிர்தலாக மாறிவிட்டது.

வாசித்து முடித்து இறங்கிய சுலோசனாவிடம் லேஅவுட் சங்கத் தலைவர் நஞ்சுண்டசாமி வந்து, "தும்ப சென்னாகித்தம்மா!" என்று கன்னடத்தில் பாராட்டினார்.

"சும்மாவா சார்," என்று செந்தில்நாதன் குறுக்கே புகுந்தார். "உள்ள ட்ரஸ் ராட்னு ஒன்னு இருக்குது. நான்தான் முந்தாநேத்து அட்ஜஸ்ட் பண்ணேன். பத்தாயிரம் பேர்ல ஒருத்தனுக்குத்தான் அந்தக் கைப்பதம் வரும்."

சொன்ன பிறகுதான் மனைவி பக்கத்தில் நிற்பது நினைவு வந்தது. சுலோசனா அமைதியாக, "ஆமாங்க சார், இவரு கை வெச்சா எதுவும் பழையபடி இருக்காது" என்றார். நஞ்சுண்டசாமி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, தன் பேரனின் கிட்டாரையும் நாளைக் காலை பத்து மணிக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் சுலோசனா சமையலறைக்குப் போனார். நாளைக்கு வேலை இருக்கிறது. எந்த அளவில் விட்டோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று செந்தில்நாதன் கிட்டாரின் மூடியைக் கழற்றினார்.

மஞ்சள் கோடு உடைந்திருந்தது. மரத்தின் மேல் பாதி ஒரு பக்கம், நட்டின் மேல் பாதி இன்னொரு பக்கம். கிட்டத்தட்ட அரைச் சுற்று, இடதுபக்கமாக. அதாவது அவர் இறுக்கினதில் பாதியை யாரோ தளர்த்தியிருக்கிறார்கள். நட்டு இப்போது நிற்கும் இடத்தில், நட்டையும் மரத்தையும் சேர்த்து, நேராக, அழகாக ஒரு சிவப்புக் கோடு. அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். நெயில் பாலிஷ்.

அரை மில்லிமீட்டர் சந்தைக் கண்டு பதறிய மனிதர், இரண்டு நாளாக மனைவியின் நகத்தைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் போய் நின்று இப்போது பார்த்தார். பத்து நகமும் வெறுமையாக இருந்தன.

"வாழக்கன்னு வாங்கப் போனப்பவா?" என்றார்.

"வாசிச்சுப் பாக்கலாம்னு எடுத்தேன், ஜிர்ருங்குது. மூடியத் திறந்தா உங்க கையெழுத்து." சுலோசனா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "அஷ்வினிக்கு ஃபோன் போட்டேன். தந்தி ஆடறதுக்குத் துளி எடம் விடோணும்னு சொன்னா. அது எனக்குத் தெரியாதா? உடம்போட ஒட்டித் தெச்சா ஜாக்கெட் போட்டவ எப்படிங்க மூச்சு விடுவா? அதான் கொஞ்சம் தளர்த்தினேன். மறுபடியும் நீங்க கை வெக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் தூக்கிப் பூஜையில வெச்சேன்."

"நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"பொரியத் தின்னுட்டு உக்காந்திருந்தீங்களே, அந்த மூஞ்சியப் பாக்கப் பாக்கச் சொல்ல மனசு வரல." இப்போது திரும்பினார். உதட்டில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. "எனக்காகத்தான் பண்ணீங்கன்னு தெரியும். வெரலு இப்ப வலிக்கல. ஆனா மாதேஸ்வரனுக்கு என்ன பதில்? கிட்டாரு அனுவோடதுன்னா?"

செந்தில்நாதன் நிலைப்படியைத் தடவினார்.

"சுலோ, நாளைக்குப் பத்து மணிக்கு நஞ்சுண்டசாமி கிட்டாரோட வர்றாரு."

"வரட்டும்."

"எவ்வளவு திருப்போணும்னு நீ கொஞ்சம் பக்கத்துல நின்னு சொன்னா..."

சுலோசனா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் நீட்டினார்.

"மொதல்ல அந்த மஞ்சப் பேனாவக் கொடுங்க."