சந்திரன் அண்ணன் குடித்த காப்பி

ஜெலுத்தோங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது சந்திரன் அண்ணன் வீட்டு அண்ணியின் தம்பி போனில் அழைத்தார். “மச்சான் போய்ட்டாருலா. பாத்ரூம் வாசல்ல விழுந்தவரு எழுந்திருக்கவே இல்ல.” அழுவதற்கு முன்னால் எனக்குக் கேள்விதான் வந்தது. “என்ன சாப்பிட்டாரு?” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

சந்திரன் அண்ணனைத் தெரிந்த உங்களிடம் மாரடைப்பு என்று சொல்லியிருப்பார்கள். அது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் அவர் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். நான் ஆய்வுக்கூடத்தில் இரசாயனம் பார்ப்பவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலாளர் சொன்னது தப்பு என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். அன்று மத்தியானம் கேண்டீனில் என்னோடு உட்கார ஆளில்லை. அண்ணன் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். “நீ வாயத் தொறந்தா ஆசிட்டே ஒதுங்கிப் போகும்போல. நாசி லெமாக்கச் சாப்பிடப் போறியா, அதையும் திட்டப் போறியா?” அதற்குப் பிறகு நான் தனியாகச் சாப்பிட்டதில்லை.

போன வருடம் அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். நெஞ்சு இறுக்கினால் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். உடம்பு தேறியது, சிரிப்பு தேறவில்லை. ஒருநாள் மோட்டாரைப் பூட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “வீட்ல வாடகைக்கு இருக்கிறவன் மாதிரி ஆயிட்டேன்லா. அண்ணி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.” இது பலருக்கும் வருவது, டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். “அந்த டாக்டருக்கு என் மக வயசு. அதுகிட்டப் போயி இதைச் சொல்லச் சொல்றியா?”

அவர் சொன்னது குணாவிடம். குணா செபராங் ஜெயாவில் கடை வைத்து ஆண்களுக்கான தொங்காட் அலி வேர்க் காப்பி விற்பவர். கல்யாண வீட்டுக்குக்கூடப் பை நிறையப் பாக்கெட்டுகளோடுதான் வருவார். அப்படி ஒரு கல்யாணத்தில், அண்ணி பக்கத்தில் நிற்கும்போதே அண்ணன் கேட்டிருக்கிறார்: “ஹார்ட்டுக்கு மருந்து சாப்பிடறேனே, பரவால்லையா?” குணா சிரித்திருக்கிறார். “காட்டு வேருண்ணே! வேரு யாரக் கொன்னுச்சு?”

வேர்மேல் எனக்குக் கோபமில்லை. மலாய்க்காரர்கள் காலங்காலமாக அவித்துக் குடிக்கும் கசப்பு வேர் அது. காய்ச்சலுக்கு, சோர்வுக்கு, ஆண்மைக்கு என்பார்கள். வேலை செய்தாலும் மெதுவாகத்தான் செய்யும். குணாவின் காப்பி குடித்த கொஞ்ச நேரத்திலேயே வேலை செய்தது. அண்ணி கொடுத்த மிச்சப் பாக்கெட்டைச் சோதித்துப் பார்த்தேன். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத ஆண்மை மாத்திரையின் பொடி அதில் கலந்திருந்தது. நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஒரேயடியாக விழும். அண்ணன் அந்தக் காப்பியைக் குடித்தார், நெஞ்சு இறுக்கியது, மாத்திரையை நாக்குக்கடியில் வைத்தார், விழுந்தார்.

உறவுக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “வெளிய சொல்லாத தம்பி. எதுக்குக் குடிச்சாருன்னு கேப்பாங்க. மானம் போயிடும்.” குணாவின் வியாபாரம் நடப்பதே இந்த மானத்தை நம்பித்தான்.

பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு குணா மாலையோடு வந்தார். படத்துக்கு முன்னால் அண்ணனுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்திருந்தோம். குணா பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, “அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்சது,” என்று இலை ஓரத்தில் வைத்தார்.

நான் அதை எடுத்துப் பிரித்தேன். வெந்நீர் ஊற்றிக் கலக்கி அவரிடமே நீட்டினேன்.

“குடிங்கண்ணே.”

“இப்பத்தான் சாப்பிட்டேன் தம்பி.”

“அரைக் கப்பு போதும். வேருதானே?”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கப்பை விலக்கினார். “எனக்கும் ஸ்டென்ட் வச்சிருக்குலா. இதெல்லாம் நான் தொடக்கூடாது.”

அவர் அந்தக் கப்பை வாங்கியிருந்தால் தடுத்திருப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அண்ணிதான் பேசினார். “அவரு கேட்டப்ப இதச் சொல்லலையே குணா. நான் பக்கத்துலதானே நின்னேன்?” பிறகு என் பக்கம் திரும்பினார். “எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுது தம்பி. எதுக்குக் குடிச்சாருன்னும் சேத்து எழுது. எம் புருஷன் என்கூடச் சந்தோஷமா இருக்கணும்னு நெனச்சாரு. அதுல என்னா வெக்கம்?”

எழுதிவிட்டேன். அதிகாரிகளிடம் புகாரும் கொடுத்தாயிற்று. ஆனால் குணாவின் கடை இன்னும் திறந்திருக்கிறது. அது மூடும்வரை விடமாட்டேன். குணா அண்ணே, இதை நீங்களும் படிப்பீர்கள். படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது கேண்டீனில் அவர் உட்காரும் நாற்காலி. இப்போது அதில் நான்தான் உட்காருகிறேன். குணாவின் பாக்கெட்டை யார் பிரித்தாலும் பக்கத்து மேசைக்குக் கேட்கும்படியாகவே கேட்கிறேன்: “அண்ணே, ஹார்ட் மாத்திரை சாப்பிடறீங்களா?” தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குனியட்டும். உயிரோடு இருந்து வெட்கப்படட்டும்.