மூன்றாம் தரம் கேட்காத ஊர்

இங்கே மெல்போர்னில் பக்கத்து வீட்டுச் சிறுமி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "நான் ரொம்ப நல்லா நீந்துவேன்" என்று தானாகவே சொல்லும். பெற்றவள் கை தட்டுவாள். எனக்குத் திக்கென்றிருக்கும். எங்கள் இலஞ்சியில் என்றால் அன்று சாயங்காலமே பிள்ளைக்கு வற்றல் மிளகாய் சுற்றிப் போட்டுவிடுவார்கள்.

இலஞ்சி முருகன் கோவில் சப்பரத்துக்குப் பூ அலங்காரம் செய்தவன் நான். "ஏலே, இந்த வருசமும் நீதான கட்டுத?" என்பார்கள். "எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி, வேற ஆளப் பாருங்க" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம், "பெரிய இவன், வாலே!" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். சாமி காரியத்தில் முந்திக்கொண்டு நிற்கக் கூசும் பழக்கம் அது. இங்குள்ள முருகன் கோவிலில் தைப்பூசத்துக்கு யார் கட்டுவது என்று செயலாளர் கேட்டபோதும், "எனக்கு அவ்வளவா வராது" என்றேன். மலேசியாவில் பிறந்து இங்கே வளர்ந்தவர் அவர். "ஓகே, நோ வொரிஸ்" என்று அடுத்த ஆளைப் பார்த்துவிட்டார். எங்கள் ஊருக்குப் பக்கத்து வடகரைக்காரர் முருகேசன் எழுந்து, "நான் சூப்பரா செய்வேன்" என்றார். மறுவருடமும் அவர்தான். மாலை ஒரு பக்கமாகத் தொங்கியது. ஆனாலும் எல்லாரும் அவரோடு நின்று படம் எடுத்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டேன், வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

"நீங்கதான வராதுன்னு சொன்னிய?" என்றாள் மனைவி. "அவரும் நம்ம பக்கத்து ஆளுதான? இங்கன ஒரு தரந்தான் கேப்பாங்கன்னு அவருக்கு வெளங்கிட்டு."

மூன்றாம் வருடம் பூசத்துக்கு முந்தைய மாதம், மனித மனத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராயும் எமிலி என்ற பெண் கோவிலுக்கு வந்தாள். நாலு பேரோடு பழகுவதில் உங்களுக்கு நீங்களே பத்துக்கு எவ்வளவு போடுவீர்கள் என்றாள். "ரெண்டு" என்றேன். சேச்சே என்பாள் என்று பார்த்தால், தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். தன்னைக் குறைத்து நினைப்பவர் ஒதுங்குகிறார், ஒதுங்குகிறவரை யாரும் கூப்பிடுவதில்லை, கூப்பிடாததால் இன்னும் குறைத்து நினைக்கிறார்; இதில் எது முதல் என்றுதான் தேடுகிறோம் என்றாள். நான் நினைக்கவில்லையே, சொல்லத்தானே செய்தேன் என்று வாயெடுத்தேன். ஆனால் இரண்டு வருடமாக ஊசி நூலைத் தொடாத என் கை, உண்மையிலேயே இனி கட்டுமா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பயத்தில் நேரே செயலாளரிடம் போய், "ஐ ஆம் வெரி குட். முருகேசனை விட குட்" என்றேன். காது கொதித்தது. "கிரேட்! ரெண்டு பேரும் சேர்ந்தே பண்ணுங்க" என்றார்.

பூசத்தன்று இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவர். கை கொஞ்சம் தடுமாறியது, பிறகு ஓடிவிட்டது. முருகேசன் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, ஒங்க கையே தனிதான்" என்றார். "எனக்கு என்னய்யா தெரியும்" என்று வாய் முந்திக்கொண்டது. செயலாளர் காதில் விழுந்ததோ என்று பதறி, "நோ நோ, வெரி குட்" என்று திரும்பினேன். சப்பரம் கிளம்பியது. வாய் அரோகரா என்றது. சாமியைப் பார்க்க வேண்டிய கண், எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று பார்த்துக்கொண்டே போனது.