இரண்டு தாள்களுக்கும் ஒரே எண்

இக்குறிப்பை எழுத வேண்டிய கடமை, சென்ற திங்கள் எனக்கு அஞ்சலில் வந்த ஒரு சிறு நூலால் நேர்ந்தது. பழைய படைத்துறைச் சரக்கு வானூர்தி ஒன்றைச் செப்பனிட்டுக் காட்சிக்கு வைக்க முயலும் ஆர்வலர்கள், அதன் வரலாற்றைத் தொகுத்திருக்கிறார்கள். புறப்படவிருந்த அவ்வானூர்தியின் வால்பகுதிச் சுக்கானை இயக்கும் கம்பிவடம் தளர்ந்திருப்பதைக் கண்டறிந்து பயணத்தைத் தடுத்தவன் நான் என்று அதில் அச்சாகியுள்ளது. அது உண்மையன்று. கண்டறிந்தவர், நான் பொறிவினைஞனாகப் பணியாற்றிய படைத்தளத்தின் கையேட்டறையில் எழுத்தராக இருந்த அம்மையார். எனக்கு மூன்றாண்டு மூத்தவர். அக்கா என்றே அழைப்பேன். இன்றும் பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடொன்றில் வாழ்கிறார்.

அவ்வானூர்தியை அழகு என்று எவரும் சொன்னதில்லை. பருத்த உடல், நிமிர்ந்த வால், இரண்டு பொறிகள். பின்புறக் கதவு சாய்தளமாகத் தாழும். ஓடுபாதை என்று சொல்லத் தகாத மண்வெளியிலும் இறங்கும். அரிசி மூட்டை, மருந்துப் பெட்டி, படைவீரர் என எதையும் சுமந்தது. ஒருமுறை இரண்டு எருமைக் கன்றுகளை ஏற்றிச் சென்றது. கழுவிக் கழுவியும் ஒரு வாரம் அந்த மணம் போகவில்லை.

அதன் கையேடு பல தொகுதிகளாக இருந்தது. தாள்கள் தைக்கப்படாமல் வளையங்களில் கோக்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளரிடமிருந்து திருத்தத் தாள் வரும்போது, பழைய தாளைக் கழற்றி அழித்துவிட்டு, அதே எண்ணுள்ள புதிய தாளைக் கோத்து, பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். இது அக்காவின் பணி. அவ்வானூர்தியின் மெய்யான வரலாறு அத்திருத்தங்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஒவ்வொரு திருத்தத்திற்கு முன்பும் எங்கோ ஒரு நாட்டில் ஒரு வடம் அறுந்திருக்கும், அல்லது ஒரு திருகு கழன்றிருக்கும். தாளில் அந்தக் கதை இராது. மாறிய அளவு மட்டுமே இருக்கும்.

வால்பகுதி வடத்தின் இறுக்கம் பற்றிய தாள் அவ்வாறு ஒருமுறை மாறியது. அக்கா புதியதைக் கோத்தார், பழையதைக் கழற்றவில்லை. எந்தக் கருவி உள்ளே நுழையாது, எந்தப் பக்கம் கைவிட்டால் தோல் உரியும் என்றெல்லாம் எங்கள் பொறிவினைஞர்கள் அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்தார்கள். அவற்றைப் படியெடுத்தபின் அழிக்கலாம் என்று நினைத்தவர், கையொப்பமிட்டுவிட்டு மறந்துபோனார். வடத்தை மாற்றிக் கட்டிய நான், பழகிய பென்சில் குறிப்புகளைக் கண்டதும் அந்தத் தாளிலிருந்த அளவுக்கே இறுக்கினேன். புதிய தாள் அதற்கு அடுத்ததாகவே இருந்தது. நான் புரட்டவில்லை.

மறுநாள் காலை, வெள்ளத்தால் துண்டிக்கப்பட்ட ஓர் ஊருக்குப் பால்மாவும் கூடாரங்களும் ஏற்றி முடித்திருந்தோம். ஒரு பக்கத்து விசிறி சுழலத் தொடங்கிவிட்டது. நான் திருப்பிக் கொடுத்த தொகுதியை அடுக்கும் முன் தாள்களை எண்ணிப் பார்த்த அக்கா, ஒன்று மிகுதியாக இருக்கக் கண்டு, அக்கனத்த தொகுதியை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் ஓடிவந்தார்.

"தம்பி! எந்தத் தாளப் பாத்துக் கட்டுனீங்க?"

"பென்சில்ல எழுதுனதுதான்க்கா. ஏன்?"

"ஐயோ, அது செத்த தாளு! நிறுத்தச் சொல்லுங்கலா!"

"இப்ப நிறுத்துனா பாஸ் என்னைத் தின்னுருவாருக்கா."

"என்னையத் தின்னச் சொல்லுங்க. கையெழுத்து என்னோடது."

நிறுத்தினோம். அளந்து பார்த்தபோது வடம் வேண்டிய இறுக்கத்திற்கு வெகு கீழே இருந்தது. இரண்டு மணி நேரத்தில் சரிசெய்தோம், வானூர்தி பறந்தது.

மாலையில் மேலதிகாரி எங்கள் இருவரையும் அழைத்தார். கணவரை இழந்து இரு பிள்ளைகளை வளர்த்துவந்த அக்காவின் வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. நடந்ததை நடந்தவாறே எழுதினால் அது போய்விடும். ஆகவே, இறுதி ஆய்வில் பொறிவினைஞரே கண்டறிந்தார் என்று அறிக்கையில் எழுதிவிடலாம் என்றார். இருவரும் தலையசைத்தோம். அக்காவுக்கு வேலை நிலைத்தது. எனக்குப் பாராட்டுக் கடிதமும் பின்னர்ப் பதவி உயர்வும் கிடைத்தன. நூலைத் தொகுத்தவர்களுக்குச் சான்று அந்த அறிக்கையே, அவர்கள்மேல் பிழையில்லை.

நூலை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குச் சென்றேன். அந்தப் பக்கத்தை இருமுறை படித்தார்.

"பேரு நல்லா பெருசாத்தான் போட்டுருக்காங்க. சாப்பாடு வாங்கிக் குடுத்தீங்களா அவங்களுக்கு?" என்று சிரித்தார்.

நிறுத்தியவர் அவர் என்று மட்டும் எழுதுகிறேன், தாளைக் கழற்ற மறந்ததைச் சொல்லவேண்டியதில்லை, பேரப்பிள்ளைகள் படிப்பார்கள் அல்லவா என்றேன். சிரிப்பு நின்றது.

"அது என்னா நியாயம் தம்பி? அன்னைக்கு என் தப்ப மறைச்சு உங்களுக்குப் பேரு குடுத்தாங்க. இப்ப அதே தப்ப மறைச்சு எனக்குக் குடுக்கிறீங்க. என் தப்பு, அதனாலதான் அந்த ஓட்டம் ஓடுனேன். அத எடுத்துட்டா, நான் ஏன் ஓடுனேன்னு யாருக்கும் புரியாதுலா."

ஆகவே இரண்டையும் எழுதியிருக்கிறேன். எழுதியதை அவரிடம் படித்தும் காட்டினேன். சரிசெய்ய இரண்டு மணி நேரமன்று, மூன்று என்கிறார். எனக்கு இரண்டென்றே நினைவு. அன்று அங்குப் பணியிலிருந்தோர் இதைக் காண நேர்ந்தால், இதிலும் பிறவற்றிலும் உள்ள பிழைகளைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். கழற்ற மறந்தவர் அவர், புரட்டிப் பார்க்காதவன் நான் என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஐயமில்லை.