கிராஞ்சிக்கு நான் கொண்டுபோன நல்ல செய்தி

சிங்கப்பூரின் வடக்கே உள்ள கிராஞ்சிப் பண்ணைகளுக்கு வழி சொல்லுங்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது 1987ஆம் ஆண்டு கிராஞ்சி. ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நண்பன் அந்தோணியைப் பார்க்க அங்கே போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

அப்போது நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். நரம்பைத் தாக்கும் விஷவாயுவுக்கு எதிராக, மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதத்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். நரம்பைத் தொடுவதற்குள் அது விஷத்தைப் பிடித்துக்கொள்ளும். முன்கூட்டியே ஊசி போட்ட எலிகள் அந்த வெள்ளிக்கிழமை பிழைத்துவிட்டன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தோணி ஆர்க்கிட் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவன். அந்த மருந்தும் நரம்பைத்தான் தாக்கும், இந்த விஷத்துக்குப் பங்காளி.

சிராங்கூன் ரோட்டில் எட்டரைக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, குவீன் ஸ்திரீட்டில் 170 பஸ் பிடித்தேன். டிக்கெட் எண்பது காசு, ஒரு மணி பத்து நிமிடம். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. நிழல் என்று பேருக்குக்கூட இல்லை.

அந்தோணி கையில் ஒரு விண்ணப்பம் வைத்திருந்தான். உட்லண்ட்ஸில் காவலாளி வேலை, சம்பளம் குறைவு.

"தலை சுத்துதுடா, கண்ணு மங்குது. வீட்டுலயும் விட்டுடுங்கன்றா. நாளைக்கு குடுத்துடப் போறேன்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? எலிக் கதையை அவிழ்த்துவிட்டேன்.

"மனுஷனுக்கு எப்ப வரும்?"

"ரெண்டு மாசம் லா! மொத ஊசி உனக்குத்தான்."

பச்சைப் பொய். எத்தனை வருடம் ஆகும் என்று எங்கள் கூடத்தில் யாருக்குமே தெரியாது.

"தோ பாயோ சர்ச்ல நான் தானமா குடுத்த ரத்தமும் அதுல இருக்கும்ல?" என்று சிரித்தான். விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். மறுநாள் அதைக் கொடுக்கவில்லை.

அக்டோபரில் மருந்து அடிக்கும்போதே சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூச்சுக்குத் திணறிக்கொண்டே, "கொண்டாந்தியா?" என்றான். எலிக்கான குப்பி எங்கள் குளிர்பெட்டியில் இருந்தது. மனிதருக்குப் போட அனுமதி இல்லை. போட்டாலும், விஷம் ஏறிய பிறகு காப்பாற்றும் என்று யார் கண்டார்கள்?

"வந்துட்டிருக்குடா" என்றேன். மறுநாள் மதியம் போய்விட்டான்.

இப்போது கிராஞ்சி வரை ரயில் இருக்கிறது. அங்கிருந்து பண்ணைகளுக்கு பஸ் குறைவு. திரும்பும் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குடையும் தண்ணீரும் கட்டாயம். மருந்து அடிக்கிற இடத்துக்குக் கிட்டவே போகாதீர்கள்.

நான் மறுபடி அங்கே போனது ஒரே முறை, அவன் சாமான்களை எடுக்க, அவன் மனைவியோடு. திரும்பும்போது அதே 170. புக்கிட் தீமா தாண்டும்போது அவர் கேட்டார்: "அண்ணே, ரெண்டு மாசத்துல ஊசி வந்துடும்னு சொன்னீங்களாமே. வேற யாருக்காச்சும் போட்டாங்களா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனிடம் மட்டும் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது.