நெல்லு அழுகணும்னு ஜெபிக்க முடியவில்லை

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை நீங்களும் தெரிந்துகொள்ளணும், அவ்வளவுதான்.

நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு, அதற்கு மேல் ஆசிரியர் பயிற்சி இரண்டு வருஷம். திருத்துறைப்பூண்டிக்குப் போகிற வழியில் எங்கள் ஊர்ச் சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். போன வருஷம் ஆடி மாசம் சயின்ஸ் டீச்சர் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டார்கள். ஹெச்.எம். அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஆறு, ஏழு, எட்டு மூணுக்கும் இனிமே சயின்ஸ் நீதாம்மா" என்றார்கள்.

"மேடம், எனக்கு சயின்ஸ் வராது மேடம்."

"யாருக்கு வருது? புக்கு இருக்குல்ல, படிச்சுட்டுப் போ."

புத்தகம் இருந்தது. அதுதான் கஷ்டமே. திங்கள்கிழமை குடல். செவ்வாய்க்கிழமை கரண்டு. புதன்கிழமை சந்திரன். வியாழக்கிழமை அமிலம், காரம். ஒன்று மண்டையில் ஏறுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். சோறு வடித்துக்கொண்டே புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பேன். கஞ்சி பட்டு ஒட்டிக்கொண்ட பக்கம் எத்தனையோ. ஆண்டவரே, நீர் படைத்ததெல்லாம் சரி, இவ்வளவையுமா படைக்கணும் என்று நான் வாய்விட்டுக் கேட்டதுண்டு. என்னை மன்னிப்பாராக.

இதில் எட்டாம் வகுப்பில் நித்யா என்று ஒரு பெண். வாயைத் திறந்தால் கேள்விதான். "டீச்சர், ஏன் டீச்சர்? டீச்சர், அப்படின்னா இது எப்படி டீச்சர்?" நான் பதில் தெரியாமல் "நாளைக்குச் சொல்றேன்" என்பேன். மறுநாள் மறக்காமல் கேட்பாள். "நாளைக்கு வந்துடுச்சு டீச்சர்" என்பாள். வகுப்பே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் எட்டாம் வகுப்புக்கு அனுமதி புதுப்பிக்கிற வருஷம். கல்வி அதிகாரி வந்து பார்த்து, சயின்ஸ் பாடம் ஒழுங்காக நடக்கவில்லை என்று எழுதினால் எட்டாம் வகுப்பை மூடணும். பிள்ளைகள் பஸ் ஏறி டவுனுக்குத்தான் போகணும். நித்யாவின் அப்பா முன்னமே சொல்லிவிட்டார், "இங்க இருக்கிற வரைக்கும் படிக்கட்டும். பஸ்ஸுல ஏத்தி அனுப்புறதா இல்ல" என்று. அவளைப் போல இன்னும் நாலைந்து பெண்பிள்ளைகள். அவர்கள் படிப்பு என் தலையில் வந்து விழுந்தது.

ஆவணி மாசத்தில், அடுத்த வியாழக்கிழமை அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. "ஒரு சோதனை செஞ்சு வை" என்றார்கள் ஹெச்.எம். அம்மா. விதை முளைப்புக்கு ஒரு சோதனை புத்தகத்தில் இருந்தது. பாட்டிலில் பாதித் தண்ணீர். ஒரு ஸ்கேலில் மேலே, நடுவில், அடியில் மூன்று மொச்சை விதை கட்டி உள்ளே நிறுத்தணும். மேலே இருப்பதற்குத் தண்ணீர் இல்லை, முளைக்காது. அடியில் இருப்பதற்குக் காற்று இல்லை, முளைக்காது. தண்ணீர் மட்டத்தில் இருக்கிற நடு விதை மட்டும் முளைக்கும். சுலபம்தானே?

மொச்சை வீட்டில் இல்லை. நெல் விளைகிற ஊரில் மொச்சையைத் தேடி யார் கடைக்குப் போவது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் நாற்றங்காலுக்கு ஊறப்போட எடுத்து வைத்திருந்த விதைநெல்லில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டேன். ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, நெல்லைக் கொசுவலைத் துணியில் மூன்று சின்ன முடிச்சாகக் கட்டி, வெள்ளிக்கிழமை வகுப்பில் வைத்தேன். "அடியில இருக்கிறது முளைக்கவே முளைக்காது, பாருங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தேன்.

திங்கள்கிழமை போய்ப் பார்த்தால் அடி முடிச்சில் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறது!

"டீச்சர், முளைச்சிருச்சு டீச்சர். எங்க வயல்லயும் தண்ணிக்குள்ளதான் முளைக்குது. புக்குல தப்பா போட்டிருக்காங்களா?" நித்யாதான். வேறு யார்?

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "நீதானே பாட்டிலைத் தொட்ட? முளைச்ச நெல்ல மாத்தி வச்சியா?"

"இல்ல டீச்சர். சாமி சத்தியமா இல்ல டீச்சர்."

"வாய மூடு. எல்லாத்தையும் கெடுக்கிறதே உனக்கு வேலை."

அவளுக்குக் கண் நிறைந்தது. செவ்வாய்க்கிழமை அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டேன். "அவங்கப்பா வேணாம்னுட்டாரு டீச்சர். பொய்க்காரின்னு பேர் வாங்கவா நீ படிக்கப் போறன்னு அவகிட்ட கேட்டாரு" என்றது.

அன்றைக்கு சாயங்காலம் நம் பெண்கள் ஜெபக் கூட்டம். நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி வருவதற்குள் அந்த அடி நெல் அழுகிப்போகணும், எல்லாரும் அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்டேன்.

ரூபி அக்கா, நம் கூட்டத்தை நடத்துகிறவர்கள், என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "ஏண்டி, என்ன கேக்குற? நெல்லு அழுகணும்னா?"

"கொஞ்சமே கொஞ்சம் நெல்லுதான் அக்கா."

"கொஞ்சமோ மூட்டையோ, நெல்லு நெல்லுதானடி. நாத்து விட்டுட்டு ஒவ்வொருத்தியும் வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. இந்த ஊர்ல உக்காந்து நெல்லு அழுகணும்னு நான் வாயத் திறந்து கேக்கணுமா? அவரு பாட்டுக்குக் கேட்டுட்டார்னா?"

பின்னால் யாரோ, "எங்க நாத்தங்கால் மேற்கால இருக்கு ஆண்டவரே, அத மட்டும் விட்டுரும்னு சேத்துச் சொல்லுங்கக்கா" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஒரு ஜெபத்துக்குக்கூட ஆள் இல்லையா எனக்கு?

கடைசியில் ரூபி அக்கா என் தலையில் கை வைத்து ஜெபித்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, இவளுக்குத் தெரியாதத இவளுக்குக் காட்டும். செஞ்ச தப்ப ஒத்துக்க மனசு குடும்." இதையா நான் கேட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே விட்டு விட்டு மழை. புதன்கிழமை விடிந்ததும் என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு நாற்றங்காலுக்குக் கிளம்பினார். காபியை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். சனிக்கிழமை விதைத்தது. மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. அவர் வரப்பை வெட்டி வடிய விட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் எனக்குக் கோபம்.

"முளைதான் நல்லா நிக்குதே. இருக்கிற தண்ணிய எதுக்குங்க வடிக்கிறீங்க?"

அவர் குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கி என் கையில் வைத்தார். "முளை நிக்குது. வேரு எங்க? தண்ணிக்குள்ள கெடந்தா மேலதான் நீட்டும், வேர் விடாது. காத்துப் பட்டாத்தான் வேர் புடிக்கும். பாடம் சொல்லிக் குடுக்குற, இது தெரியாதா?"

பார்த்தேன். நீளமாக வெள்ளை முளை. அடியில் ஒன்றுமே இல்லை.

காபி டம்ளரை வரப்பிலேயே வைத்துவிட்டு ஓடினேன். காலில் செருப்புகூட இல்லை. வகுப்பைத் திறந்து ஸ்கேலை வெளியே எடுத்தேன். நடு முடிச்சு நெல்லில் முளையும் இருந்தது, வேரும் கொத்தாக இருந்தது. அடி முடிச்சில் முளை மட்டும். வேரே இல்லை. காற்று இல்லாத குறை அதிலேயே தெரிந்தது. மொச்சை முழுசாகத் தோற்றுப்போகும், நெல் பாதி சமாளிக்கும். ஐந்து நாளாக என் கண் முன்னாலேயே இருந்தது. நான் கத்தினேனே தவிர எடுத்துப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ரூபி அக்கா கேட்டது இதுதானே? தெரியாததைக் காட்டும் என்று.

இரண்டாவது பாதி பாக்கி இருந்தது. அதுதான் கஷ்டம். பாட்டிலை இடுப்பில் வைத்துக்கொண்டு நித்யா வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வாசலில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். நித்யா திண்ணையில் இருந்தாள்.

"என்ன டீச்சரம்மா, இன்னும் எதையாச்சும் மாத்தி வச்சுட்டாளா எம்பொண்ணு?"

எனக்கு அது வேண்டியதுதான். "அண்ணே, உங்க பொண்ணு பொய் சொல்லல. எனக்குத் தெரியாம நான்தான் அவ மேல பழியப் போட்டேன். நித்யா, என்னை மன்னிச்சிரும்மா" என்று அவர் எதிரிலேயே சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பாட்டிலைத்தான் பார்த்தாள். "டீச்சர், அடியில வேர் வரலயா?" என்று கேட்டாள். அவள் அப்பா கையிலிருந்த வைக்கோலை மாட்டுக்குப் போட்டு முடித்தார். அப்புறம், "போய்க் குளிச்சுட்டு யூனிபாரத்தப் போடு" என்றார். பள்ளிக்கூடம் வருகிற வழியெல்லாம் நாற்றங்காலில் பார்த்ததை அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். பாட்டிலைப் பார்த்ததும், "இது மொச்சையிலல்ல செய்யணும்?" என்றார். "சார், தெரியாம நெல்லுல செஞ்சுட்டேன். தப்பா வந்துச்சு. ஏன்னு இந்தப் பொண்ணு சொல்லும்" என்றேன். நித்யா இரண்டு முளையையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டி, நாற்றங்காலில் ஏன் தண்ணீர் வடிக்கிறார்கள் என்பது வரைக்கும் சொன்னாள். அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பாவும் இப்படித்தாம்மா வடிய விடுவாரு. எதுக்குன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல" என்றார். பிறகு என்னிடம், "பக்கத்துல மொச்சையும் வைங்க. ரெண்டையும் பாக்கட்டும்" என்றார். எட்டாம் வகுப்புக்கு அனுமதி வந்தது. நித்யா அந்த வருஷத்தை முடித்து, இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு டவுனுக்குப் போகிறாள். அவள் அப்பாவே பஸ் ஏற்றிவிடுகிறார்.

நான் இன்னமும் சயின்ஸ்தான் எடுக்கிறேன். எரிச்சல் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் இப்போது தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து எடுத்துப் பார்க்கிறோம். வகுப்புக்குள் நுழையும் முன்னால், காட்டும் ஆண்டவரே என்று மட்டும் கேட்கிறேன்.

உங்களில் யாராவது என்னைப்போலக் கோபத்தோடு முழங்கால் போட்டுக்கொண்டிருந்தால், எழுந்துவிடாதீர்கள். அப்படியே கேளுங்கள். நான் அத்தனை நாள் அவரிடம் கத்தினேன். என்னிடம் கேள்வி கேட்ட பிள்ளையை நான் அழ வைத்தேன். என்னை அவர் ஒரு தடவைகூட அதட்டவில்லை. எடுத்துப் பார் என்றார், அவ்வளவுதான்.